படித்துப் பார்த்து ஓட்டுப் போடட்டும்!

(ராஜகுளத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் தங்கள் பிள்ளைகளோடு கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாம் இன்று பேசப் போவது ஒரு பந்தயத்தைப் பற்றி. அது மாட்டுவண்டிப் பந்தயம் அல்ல. கபடிப் பந்தயமும் அல்ல. நாவல்களுக்குள் நடக்கும் பந்தயம். எட்டு நாவல்களை எடுத்துக்கொள்வது. அவற்றை இரண்டிரண்டாக மோதவிடுவது. பதின்மூன்று வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகள் நூலகத்தில் அவற்றைப் படித்துவிட்டு, இரண்டில் எது மேல் என்று ஓட்டுப் போடுவது. எட்டு நாலாகும், நாலு இரண்டாகும், கடைசியில் ஒன்று நிற்கும். அந்த ஒன்றுதான் அந்த வருஷம் அந்த ஊர்ப் பிள்ளைகளின் நாவல்.

கூலிப் பிரச்னை இருக்கிறது, மனைப் பட்டா பிரச்னை இருக்கிறது, குடிநீர்ப் பிரச்னை இருக்கிறது. இதற்கிடையில் நாவல் பந்தயம் ஒரு கேடா என்று சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். நம் வீட்டுப் பிள்ளையின் அபிப்பிராயத்தை இதுவரை யாராவது கேட்டதுண்டா? பள்ளிக்கூடத்தில் கேட்பது பாடம். வேலைத்தலத்தில் கேட்பது கை வேலை. "இது உனக்குப் பிடித்ததா, ஏன் பிடித்தது, எதிரே இருப்பவன் மறுத்தால் நீ என்ன பதில் சொல்வாய்?" என்று கேட்கும் இடம் எது? அப்படி ஒரு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

பிரான்ஸ் நாட்டுப் பிள்ளைகள்

இது ஆகாத காரியமல்ல. நடந்துகொண்டிருக்கிற காரியம்.

பிரான்ஸ் நாட்டில் கோன்கூர் பரிசு என்று ஒரு பெரிய இலக்கியப் பரிசு உண்டு. 1903 முதல் கொடுத்து வருகிறார்கள். பத்து எழுத்தாளர்கள் கூடிப் பேசி, அந்த வருஷத்தின் சிறந்த நாவல் இது என்று முடிவு செய்வார்கள். எண்பத்தைந்து வருஷம் இப்படியே நடந்தது. 1988-ல் ரென் என்ற நகரத்தில் ஒரு புது வழக்கம் ஆரம்பித்தது. அந்தப் பத்துப் பேர் பரிசீலிக்கும் அதே நாவல் பட்டியலை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடமும் கொடுத்தார்கள். நீங்களும் படியுங்கள், நீங்களும் தீர்ப்புச் சொல்லுங்கள் என்றார்கள்.

இன்று வருஷந்தோறும் சுமார் இரண்டாயிரம் பிள்ளைகள் இதில் சேருகிறார்கள். தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகளும் அதில் உண்டு. இரண்டு மாதத்தில் பத்துப் பதினைந்து நாவல்களைப் படிக்கிறார்கள், வகுப்பில் வாதாடுகிறார்கள். ஒவ்வொரு வகுப்பும் மூன்று நாவல்களைத் தேர்ந்து, அவற்றுக்காகப் பேச ஒரு பிரதிநிதியை அனுப்புகிறது. பிரதிநிதிகள் வட்டாரவாரியாகக் கூடி, கடைசியில் ரென் நகரத்தில் கூடி, ஒரு நாவலை நிர்ணயிக்கிறார்கள். முதல் வருஷமான 1988-லும், பிறகு 1995-லும் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே நாவலைத் தேர்ந்தார்கள். மற்றப் பெரும்பாலான வருஷங்களில் பிள்ளைகளின் வழி வேறு, பெரியவர்களின் வழி வேறு.

இதிலே வியாபாரம் இல்லையா? உண்டு. ஒரு பெரிய புத்தகக் கடைக் கம்பெனி இதில் பங்காளி. பரிசு பெற்ற நாவல் விற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளை புத்தகத்தைப் படிக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது, தீர்ப்புச் சொன்னால் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற அந்த ஏற்பாடு நமக்கும் உகந்தது. அமெரிக்காவிலும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு வருஷத்துக்குப் பத்துப் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை நூலகங்கள் 2003 முதல் நடத்தி வந்திருக்கின்றன.

பிள்ளைக்கு மார்க், புத்தகத்துக்கு?

நம் பக்கம் என்ன நிலைமை? ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேரளத்தில் 1945-ல் பி. என். பணிக்கர் முன்னின்று நாற்பத்தேழு வாசகசாலைகளைச் சேர்த்துக் கட்டிய இயக்கம், இன்று மூலைக்கு மூலை நூலகமாக வளர்ந்திருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு வாசிப்புப் போட்டிகள் கீழ்மட்ட நூலகத்திலிருந்து மாநிலம் வரை நடக்கின்றன. நம் மாநிலத்திலும் 2022-ல், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வாரம் ஒரு புத்தகம் எடுத்துப் போய்ப் படித்து, அதைப் பற்றி எழுத வேண்டும், நன்றாக எழுதியவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு வந்தது. 2023-ல் வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற என நாலு படிகளில் சிறு புத்தகங்கள் வந்தன. இவை நல்ல காரியங்கள். குறை சொல்ல வரவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். இந்தப் போட்டிகளிலெல்லாம் மார்க் வாங்குவது பிள்ளை. மார்க் போடுவது பெரியவர். நூறு பேர் படித்தால் ஒருவருக்கு மேடையில் பரிசு. தொண்ணூற்றொன்பது பேர் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சாகித்திய அக்காதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கென்று தனியாகப் பரிசு கொடுக்கிறது. பிள்ளைகளுக்கான புத்தகம், ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பிள்ளைகள் இல்லை! சோறு சாப்பிடுகிறவனைக் கேட்காமல், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உப்புச் சரியா என்று கேட்கிற கதை இது.

நாம் சொல்லும் பந்தயத்தில் போட்டி புத்தகத்துக்கும் புத்தகத்துக்கும். மார்க் போடுவது பிள்ளைகள். அத்தனை பேருக்கும் வேலை உண்டு. ஒருவர்கூட வெறும் பார்வையாளர் அல்ல.

சுருட்டுத் தொழிலாளரின் ஓட்டு

"படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சரி. உழைக்கிறவன் வீட்டில் யார் நாவலுக்கு ஓட்டுப் போட்டார்கள்?" என்று ஒரு சந்தேகம் எழலாம். நாவலுக்கு ஓட்டுப் போடும் வழக்கத்தில் உழைப்பாளிகளே முன்னோடிகள் என்று நாம் சொல்வோம்.

கியூபா நாட்டில் ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலைகளில் 1865-ல் ஒரு வழக்கம் பிறந்தது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் வரிசையாக உட்கார்ந்து புகையிலை சுருட்டுவார்கள். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிறது. ஆகவே ஒருவரை மேடையில் உட்கார வைத்து, உரக்கப் படிக்கச் செய்தார்கள். காலையில் பத்திரிகை, பிற்பகலில் நாவல். அந்த வாசிப்பவருக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கவில்லை. தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்து எந்த நாவலைப் படிப்பது என்பதை எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள்! கையெழுத்துப் போடத் தெரியாதவரும் அதில் ஓட்டுப் போட்டார். நாவலைக் காதால் முழுக்கக் கேட்டவர் அல்லவா அவர்?

ஆரம்பித்த மறு வருஷமே, 1866-ல், ஸ்பானிஷ் ஆட்சி அதைத் தடை செய்தது. ஏன் தடை செய்தது? தொழிலாளி கதை கேட்டால் கேள்வியும் கேட்பான் என்ற பயம்தான். தடை நிலைக்கவில்லை, வாசிப்பு நிலைத்தது. அந்த ஆலைகளில் டூமாவின் 'மாண்டிகிறிஸ்டோ பிரபு' என்ற நாவல் எத்தனை பிரியமாகக் கேட்கப்பட்டது என்றால், 1935-ல் வந்த ஒரு சுருட்டுக்கே மாண்டிகிறிஸ்டோ என்று பெயர் வந்துவிட்டது.

பக்கத்தில் பாருங்கள். கேரளத்துக் கண்ணூர்ப் பகுதிப் பீடித் தொழிலாளரும் இதே வழக்கத்தைக் கொண்டிருந்தார்கள். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் அவர் பங்குக்கும் சேர்த்துப் பீடி சுற்றுவார்கள். 1969-ல் அங்கே தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்திலும் அந்த வாசிப்பு தொடர்ந்தது.

உழைக்கிறவனுக்கு இலக்கியம் எட்டாது என்று யார் சொன்னாலும், இந்த இரண்டு ஊர்களின் பெயரைச் சொல்லுங்கள், போதும்.

உத்திரமேரூர்க் குடம்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ஓட்டு என்றதும் நம் பக்கத்தில் எல்லாரும் பெருமையோடு சொல்வது உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் பொறித்த அந்தச் சாசனங்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, குலுக்கி எடுத்தார்கள். இப்படி வந்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் ஆண்டு வாரியத்துக்கு, பன்னிரண்டு பேர் தோட்ட வாரியத்துக்கு, ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் சேராது. அவன் உறவினர் பெயரும் சேராது. இந்த ஒரு விதிக்காகவே அந்தக் கல்வெட்டைக் கும்பிடலாம்.

ஆனால் பெருமையோடு இரண்டு விஷயங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது: யார் பெயர் ஓலையில் ஏறிற்று? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். ஒரு வேதத்தை உரையோடு சொல்லத் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகையும் உண்டு. அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கு இடமில்லை. அந்த ஏரியைத் தூர் வாரியவனுக்கு ஏரி வாரியத்தில் இடமில்லை.

இரண்டாவது: குடத்துக்குள் கை விட்டு ஓலையை எடுத்தது யார்? ஒரு சிறு பிள்ளை! உள்ளே எழுதியிருப்பது இன்னதென்று அறியாத பிள்ளையாகப் பார்த்துத்தான் அந்த வேலையைக் கொடுத்தார்கள். சூது நடக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு; அதில் புத்தி இருக்கிறது. ஆனாலும், ஊர்க் காரியத்தில் பிள்ளைக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான். கை வேண்டும், கருத்து வேண்டாம். அறியாமையே அங்கே தகுதி.

ஆயிரத்து நூறு வருஷங்கள் கடந்துவிட்டன. 1989 மார்ச் முதல் நம் நாட்டில் பதினெட்டு வயதிலேயே ஓட்டுரிமை. அதற்கு முன் இருபத்தொன்று. பதினெட்டாம் பிறந்த நாளன்று திடீரென்று ஒருவனுக்குத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் வந்துவிடுமா? பதினேழு வயது வரை "வாயை மூடு" என்று சொல்லி வளர்த்துவிட்டு, பதினெட்டில் "நாட்டை யார் ஆள்வது என்று சொல்" என்றால் அவன் என்ன செய்வான்? யார் கூட்டமாக வருகிறார்களோ, யார் கையில் காசு இருக்கிறதோ, அவர் பக்கம் பார்ப்பான். இரண்டையும் படித்து, ஒப்பிட்டு, எதிராளி வாதத்தைக் கேட்டு, பிறகு ரகசியமாகச் சீட்டுப் போடுவது ஒரு பயிற்சி. அந்தப் பயிற்சியை நாவலில் ஆரம்பிக்கலாம். நாவலில் தப்பாக ஓட்டுப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த வருஷம் திருத்திக்கொள்ளலாம்.

பந்தய விதிகள்

ஆகவே நம் பந்தயத்துக்கு விதிகளை இப்படி வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்கிறோம்.

ஒன்று: வயதைத் தவிர வேறு தகுதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் படிப்பவர் மட்டும் என்று சொன்னால், அது பழைய கால் வேலி நிலத்தின் மறுபிறப்பு. 2009-ன் கல்விச் சட்டம் பதினாலு வயது வரை காவல் நிற்கிறது. அதற்குப் பின்? பத்தாம் வகுப்போடு நின்ற தம்பி ஒரகடத்தில் ஒப்பந்த வேலைக்குப் பஸ் ஏறுகிறான். தங்கை தறிக்கோ மில்லுக்கோ போகிறாள். அவர்களுக்குத்தான் இந்தப் பந்தயம் முதலில் வேண்டும்.

இரண்டு: இரண்டு நாவல்களையும் படித்தவருக்கே ஓட்டு. அதற்காகப் பரீட்சை வைக்கக் கூடாது. நூலகத்தில் புத்தகம் எடுத்ததைக் குறிக்கும் பதிவேடே வாக்காளர் பட்டியல். திக்கித் திக்கிப் படிக்கிறவருக்கு ஒரு கூட்டாளி உரக்கப் படித்துக் காட்டட்டும். முழுக்கக் கேட்டவரும் படித்தவரே. ஹவானா தொழிலாளர் அப்படித்தான் ஓட்டுப் போட்டார்கள்.

மூன்று: ஓட்டுக்கு முன் வாதம். ஒவ்வொரு நாவலுக்கும் இரண்டு பேர் எழுந்து பேச வேண்டும். ஆள் ஆளைத் திட்டக் கூடாது. புத்தகத்தில் உள்ளதைக் காட்டிப் பேச வேண்டும்.

நாலு: ஓட்டு ரகசியம். கை தூக்கச் சொன்னால், வாத்தியார் முகத்தையும் பெரிய வீட்டுப் பையன் முகத்தையும் பார்த்துக் கை உயரும். மூடிய பெட்டி வேண்டும். எண்ணும்போது எல்லார் முன்னிலையிலும் எண்ண வேண்டும்.

ஐந்து: பெட்டியை வைக்கும் இடம். இதைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். ஊருக்குள் ஓர் இடத்தில் வைத்து, காலனிப் பிள்ளைகள் வாசலில் நின்று தயங்குவார்களானால், பந்தயம் தொடங்கும் முன்பே தோற்றுவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் கூச்சமின்றிக் கால் வைக்கிற இடமாக அது இருக்க வேண்டும். முதல் சுற்று ஊரிலே நடந்தால் இரண்டாம் சுற்று காலனியிலே நடக்கட்டும்.

எந்த எட்டு?

எந்த நாவல்கள் என்பதைப் பிள்ளைகளே முன்மொழிய வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து ஒரு புத்தகத்தை முன்மொழியலாம் என்று வைத்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு ஒரு பட்டியல் சொல்கிறோம். இது கட்டளை அல்ல.

கல்கியின் 'பார்த்திபன் கனவு': காஞ்சிப் பல்லவர் காலத்து ராஜா கதை. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்': 1953-ல் வந்தது, கைத்தறி நெசவாளர் பட்ட பாட்டைச் சொல்வது, காஞ்சிபுரம் வட்டாரத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு விளக்கம் தேவையில்லை. பூமணியின் 'வெக்கை': 1982-ல் வந்தது, பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் கதை, 2019-ல் 'அசுரன்' என்ற சினிமாவாக வந்ததால் பலருக்குத் தெரியும். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி': பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் கதை. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்': தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. டேனியலின் 'எரியும் பனிக்காடு': தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வாழ்வு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டு இரா. முருகவேள் தமிழாக்கியது. பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா': இரண்டும் இளையோருக்கென்றே எழுதி, முறையே 2020-லும் 2025-லும் சாகித்திய அக்காதெமியின் சிறுவர் இலக்கியப் பரிசு பெற்றவை.

ராஜா ஒரு பக்கம், உப்பளத்துக் கூலி ஒரு பக்கம். ஆடு மேய்க்கிற பையன் ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துப் பெண் ஒரு பக்கம். இவர்களில் யார் கதை உன்னை உறங்கவிடாமல் செய்தது? அதைச் சொல்லச் சொல்கிறோம்.

பிரதிக் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கில்லாத யோசனை வெறும் பேச்சு.

இருபது பிள்ளைகள் சேருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாவல் சராசரி இருநூறு பக்கம். வேலை முடிந்து வந்து இரவில் இருபது பக்கம் படித்தால் பத்து நாளில் ஒரு நாவல் முடியும். இருபது பிள்ளைகள் எட்டு நாவல்களைப் படிக்க வேண்டுமென்றால் மொத்தம் நூற்றறுபது வாசிப்பு. நாவலுக்கு ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால், ஒவ்வொரு பிரதியும் இருபது கை மாற வேண்டும். இருநூறு நாள் ஆகும். பாதிப் பேர் விட்டுப் போய்விடுவார்கள். நாவலுக்கு நாலு பிரதி இருந்தால்? யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. எட்டு நாவலுக்கு எண்பது நாள். மூன்று மாதத்துக்குள் பந்தயம் முடிந்துவிடும். முப்பத்திரண்டு புத்தகங்கள்; பிரதி இருநூறு ரூபாய் என்று போட்டாலும் ஆறாயிரத்து நானூறு ரூபாய்.

இந்தப் பணத்துக்கு யாரிடம் கை நீட்ட வேண்டும்? யாரிடமும் அல்ல, நம் பணம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது! 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் பல வருஷம் பாடுபட்டதன் பலன் அது. அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ரூபாய்க்குப் பத்துப் பைசா. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். குடிசைக்காரரும் கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாகக் கட்டுகிறார். ஆகவே நூலகத்தில் நாலு பிரதி கேட்பது தர்மம் கேட்பதல்ல. கொடுத்த காசுக்குப் பொருள் கேட்பது.

புத்தகம் மட்டும் போதாது; கதவு திறந்திருக்க வேண்டும். 2006-லிருந்து பஞ்சாயத்துதோறும் நூலகக் கட்டடம் எழுப்பும் திட்டம் வந்தது. கட்டடங்கள் எழுந்தன, பல ஊர்களில் பிறகு பூட்டுத் தொங்கியதையும் பார்த்தோம். உழைக்கிறவன் வீடு திரும்பும் நேரத்தில் நூலகம் மூடியிருந்தால், அவனுக்கு அது இல்லாத நூலகமே. மாலை ஆறு மணி முதல் எட்டரை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று கேட்போம். ஊர்ப்புற நூலகரும் ஒரு தொழிலாளி என்பதை மறக்க வேண்டாம். அவர் வேலை நேரத்தைக் கூட்டச் சொன்னால், சம்பளத்தைக் கூட்டவும் நாமே குரல் கொடுக்க வேண்டும். 1931-லேயே மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார். மாட்டுவண்டிக்கு எட்டியது, இன்றைய சர்க்காருக்கு எட்டாதா?

மூன்று கேள்விகள்

நம் தோழர்களே சில கேள்விகள் கேட்கிறார்கள். பதில் சொல்லிவிடுகிறோம்.

"பிள்ளைகள் ராஜா கதைக்கே ஓட்டுப் போட்டுவிட்டால்? 'பஞ்சும் பசியும்' முதல் சுற்றிலேயே தோற்றால்?" தோற்கட்டும்! பிள்ளைகள் கையில் ஓட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு, முடிவை நாம் பையில் வைத்திருந்தால் அது பந்தயமா? பெரியவர்கள் பின்னாலிருந்து கண் ஜாடை காட்டக் கூடாது. தோற்ற புத்தகத்துக்காகப் பேசிய பெண், "நெசவுக்காரன் பட்டினி உனக்கு ஏன் சுவாரஸ்யமாக இல்லை?" என்று எதிரே இருப்பவனைக் கேட்பாள். அவன் பதில் சொல்லத் திணறுவான், அல்லது நல்ல பதிலாகவே சொல்வான். அந்த ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் ஆறாயிரத்து நானூறு ரூபாய் தகும். தோற்ற பக்கத்தின் வாதத்தையும் எழுதி, வென்ற நாவலின் பக்கத்திலேயே நூலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

"நாவல் படித்தால் வேலை கிடைக்குமா?" நேராகக் கிடைக்காது. பொய் சொல்ல மாட்டோம். ஆனால் ஒப்பந்தக் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடு என்கிறபோது, இருநூறு பக்கம் படித்துப் பழகியவன் அதைப் படித்துப் பார்ப்பான். இரண்டு கட்சி வாதத்தைக் கேட்டுப் பழகியவள், ஒரு பக்கம் மட்டும் பேசுகிறவரிடம் "மறுபக்கம் என்ன?" என்று கேட்பாள்.

"கையில் போன் இருக்கிறது, புத்தகத்தை யார் தொடுவார்கள்?" போனும் நாள் முழுக்கப் பிள்ளையிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கட்டை விரலால் ஒரு தட்டு, முடிந்தது. ஏன் பிடித்தது என்று அது கேட்பதில்லை. நாம் கேட்கப் போவது அந்த ஏன்.

என்ன செய்வோம்?

தோழர்களே! தீர்மானம் போட்டுக் கலைந்துவிடக் கூடாது. மூன்று காரியங்களை உடனே செய்வோம்.

முதலில், தெருவுக்குத் தெரு போய், பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களின் பட்டியல் எடுப்போம். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர்கள் பெயரை முதலில் எழுதுவோம். இரண்டாவது, நாவலுக்கு நாலு பிரதி, மாலை நேர நூலகம் என்ற இரண்டு கோரிக்கைகளையும் மனுவாக எழுதி, வீட்டு வரி ரசீதின் நகலை இணைத்து, மாவட்ட நூலக அதிகாரியிடம் நேரில் கொடுப்போம். கிராம சபையிலும் வைப்போம். மூன்றாவது, மனு நகரும் வரை காத்திராமல், கைக்குக் கிடைக்கும் இரண்டு நாவல்களைக் கொண்டு ஒரே ஒரு மோதலை நடத்திக் காட்டுவோம். வீட்டுக்கு வீடு உள்ள புத்தகங்களைச் சேர்த்தால் இரண்டு நாவல் அகப்படாதா?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண் பிள்ளை மாலையில் நூலகத்துக்குப் போவதென்றால் வீட்டில் தயக்கம் வரும். நாலு பெண்களாகச் சேர்ந்து போகட்டும். ஒரு தாய் கூடவே போய் உட்காரட்டும். படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தாய்க்கும் கதை தெரியும். ஓட்டுச் சீட்டு அவளுக்கு இல்லாவிட்டாலும், வீடு திரும்பும் வழியெல்லாம் அவளும் வாதாடுவாள்!

தம்பி தங்கைகளே, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. பெரியவர்கள் சொன்னார்கள் என்று எந்த நாவலையும் நல்லது என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். நாங்கள் சொன்ன எட்டையும் சேர்த்தே சொல்கிறோம். எடுங்கள், படியுங்கள், சண்டை போடுங்கள், பிறகு ஓட்டுப் போடுங்கள். எண்ணி முடித்ததும் முடிவை எங்களுக்கு வந்து சொல்லுங்கள். வென்ற நாவலை நாங்களும் படிக்கிறோம்.